கை உள்ளே இருக்கா

முதலில் ஈரம் தெரிவதில்லை, கனம்தான் தெரிகிறது. சிஸ்டர் தங்கபுஷ்பம் உப்புத்தண்ணீரை ஊற்ற ஊற்ற இரண்டு கைகளும் கனத்துக்கொண்டே போகின்றன, நனைந்த வலையை மடியில் தூக்கிப் போட்ட மாதிரி. கட்டு நல்லா ஊறினாத்தான் ஒட்டாம பிரியும், பொறுத்துக்கோ பிலோமி என்கிறாள். பொறுப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியிருக்கிறார்கள். கைகள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகத் தலையணை மேல் கிடக்கின்றன, வெள்ளையாக, பெரிதாக, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மூட்டைகள் போல. கழுத்தைச் சுற்றியும் பட்டை. தாடைக்கு அடியில் கெட்டியாக முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைத்திருப்பதால் தலையை ஆட்ட முடியாது. ஆமாம் என்று மேலும் கீழும் ஆட்ட முடியாது, இல்லை என்று பக்கவாட்டில் ஆட்ட முடியாது. கண்ணைத் தாழ்த்தினால் மூட்டைகள். கண்ணை நேரே விட்டால் கால்மாட்டில் கதவு. கதவின் மேல்பாதி கண்ணாடி, அதற்கு உட்பக்கம் பச்சைத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் வராந்தாவில் இன்றைக்கு என் மகள் டெல்சி வந்து நிற்கப்போகிறாள். அவள் அப்பா சூசை கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். வந்திருப்பார்களா. பஸ் கிடைத்திருக்குமா. தலை வாரிவிட்டிருப்பாரா. அவருக்கு ரெட்டை ஜடை போடத் தெரியாது, ஒற்றையாக இழுத்து ரப்பர் பேண்டு மாட்டியிருப்பார், அவள் பிடுங்கி எறிந்திருப்பாள். தண்ணீர் இப்போது மணிக்கட்டில் இறங்குகிறது. அங்கே தெரிகிறது. அதற்கு மேலே விரல்கள் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, வெந்நீரா பச்சைத்தண்ணீரா என்றுகூட. ஆழமா வெந்த இடத்துல வலி இருக்காது, உணர்ச்சி நரம்பே போயிருக்கும் என்று டாக்டர் ஆமினா சொன்னபோது நல்லதுதானே என்று நினைத்தேன். நல்லதில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

இந்தக் கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று டாக்டர் எனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். வெந்துபோன தோலையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கைத் தோல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். தோல் என்றால் தோல் இல்லை, தோல் வளர்வதற்கு ஒரு பந்தல் மாதிரி என்றார். அடியில் பஞ்சு போல ஓர் அடுக்கு, மேலே கண்ணாடித்தாள் போல ஒரு மூடி. பஞ்சுக்குள் என் ரத்தக்குழாய்கள் கொடி மாதிரி ஏறிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டால் மேல்தாளை உரித்துவிட்டு என் தொடையிலிருந்து மெல்லிசாகச் சீவிய தோலை அதன்மேல் வைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் என்று நான் கேட்டேன். பிடிக்கும்னு நினைப்போம்மா என்றார். அந்தப் பஞ்சை எதில் செய்கிறார்கள் என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாட்டோட தசைநார்ல இருந்து எடுக்கிறது, கூட சுறாமீன் குருத்தெலும்பும் சேர்ப்பாங்க, ஒண்ணும் பயமில்ல என்றார். சுறாவுக்கு நான் ஏன் பயப்படப்போகிறேன். டெல்சி பிறந்தபோது பால் சுரக்கவேண்டும் என்று எங்கள் தெருவே சுறாப்புட்டு அவித்து அனுப்பியது. பூண்டு போட்டு, மிளகு போட்டு, தின்று தின்று வெறுத்துப்போய்ச் சூசைக்குத் தெரியாமல் பூனைக்கு வைத்திருக்கிறேன். அப்போது உள்ளே போன சுறா இப்போது கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாடும் சுறாவும் சேர்ந்து என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வாரமாக இதைத்தான் ஜெபமாலைக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மணி உருட்ட விரல் இல்லை. விரல் இருக்கிறது, உள்ளே இருக்கிறது, இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

கல்லறைத் திருநாள் அன்றைக்குக் காற்று இல்லை. காற்று இருந்திருந்தால் மெழுகுவர்த்தி அணைந்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் காற்றோடு மல்லுக்கட்டி, கை மறைத்து, மணலைக் குவித்து ஏற்றுவோம், அன்றைக்குப் பார்த்து ஒரு சுடர்கூட ஆடவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவர்த்தியும். என் அப்பாவின் சிலுவைக்கு மாலை போட்டுவிட்டுச் சூசை பங்குச் சாமியாரைக் கூப்பிடப் போனார், மந்திரித்துத் தண்ணீர் தெளிக்க. டெல்சி வலைத்துணி வைத்துத் தைத்த மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். போன கிறிஸ்துமஸுக்கு எடுத்தது, உடம்பு வளர்ந்துவிட்டது, இருந்தும் அதுதான் வேண்டும் என்று அடம். பக்கத்துக் கல்லறையில் யாரோ ஒரு வரிசையாக ஏற்றிவைத்திருந்த மெழுகுவர்த்திகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எனக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், தாத்தா பற்றித்தான், தாத்தாவுக்கு அங்கே குளிருமா என்றோ என்னவோ. பின்னால் ஓர் அடி வைத்தாள். வலைத்துணியில் தீ பிடிக்கிறபோது சத்தமே வராது. பிடித்தது தெரியாமல் அவள் கைகள் பேசிக்கொண்டே இருந்தன, தாத்தா, குளிர், என்று. நான் இரண்டு கையாலும் அவளை அடித்தேன். பார்த்தவர்கள் நான் பிள்ளையை அடிக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். கவுனைக் கிழித்தேன், அது கிழியவில்லை, உருகியது, உருகி என் விரல்களில் ஒட்டியது, உதறினால் போகவில்லை, அப்புறம் என் சேலை முந்தானை. அவளைத் தூக்கி மணலில் எறிந்தது நினைவிருக்கிறது. அவளுக்குக் கெண்டைக்காலில் ஒரு தழும்போடு போயிற்று. அது போதும் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் மனம் அந்த இடத்துக்கே போய் அவள் பின்னால் வைத்த அந்த ஓர் அடியை முன்னால் வைக்கப் பார்க்கிறது. முன்னால் வைத்துவிட்டு மறுபடி பார்த்தால் பின்னால்தான் வைத்திருக்கிறாள்.

"ஊறிடுச்சா சிஸ்டர்?" டாக்டரின் குரல். "வலதுல முடிஞ்சது டாக்டர், இடது இன்னும் கொஞ்சம் ஊறணும்." கத்தரிக்கோல் கட்டின் ஓரத்தில் நுழைகிற சத்தம் கேட்கிறது. டாக்டர் என் முகத்துக்கு நேரே குனிந்து, வலி தெரிஞ்சா சொல்லணும் என்கிறார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிகிறது. இவர் கண்ணைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, பழகிய கண். சூசை வந்து உட்கார்ந்தாலே இன்றைக்கு மீன் பட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியும், தோளைப் பார்த்தால் போதும். டெல்சிக்கும் அப்படித்தான், அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. காது கேட்காத பிள்ளைக்கு முகம்தான் காது. கையால் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன், ஊசி வலிக்காது, அப்பா நாளைக்கு வந்துவிடுவார், மிட்டாய் தீர்ந்துபோய்விட்டது. கை சொல்வதைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பாள், பார்த்ததும் தெரிந்துவிடும்.

அவளுக்குக் கேட்கவில்லை என்று சொன்ன அன்றைக்கே என் கை பேச ஆரம்பித்துவிட்டது. யாரும் சொல்லித்தரவில்லை. சோறு, தண்ணி, வா, வேண்டாம். மூக்குத்தி போடும் இடத்தில் விரல் வைத்தால் அம்மா. மீசையை முறுக்கினால் அப்பா. அப்புறம் அவளைச் செவித்திறன் குறைந்த பிள்ளைகளின் பள்ளியில் சேர்த்தபோது சனிக்கிழமைதோறும் நானும் போய்ப் பிள்ளைகளோடு பிள்ளையாகப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். பள்ளியில் படித்தது பாதி, நாங்களே கண்டுபிடித்தது பாதி. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு பெயர், மீன்காரருக்கு ஒன்று, அவளுக்குப் பிடிக்காத கணக்கு டீச்சருக்கு வாயைக் கோணி ஒன்று. ராத்திரி விளக்கை அணைத்தால் பேச்சு நின்றுவிடும் என்பதால் விளக்கை அணைக்கவிடமாட்டாள். அப்படியும் அணைத்தால் இருட்டில் என் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள், நான் அவள் கைக்குள் பேசுவேன். சூசைக்கு அதெல்லாம் வராது. அவரைக் குறை சொல்ல முடியாது, கடலுக்குப் போனால் திரும்ப நாளாகும், வந்தால் தூக்கம். விரல்களும் கயிறு இழுத்து இழுத்து மடங்காமல் போனவை. சாப்பிட்டியா, தூங்கு, பள்ளிக்கூடம், இவ்வளவுதான் அவருக்கும் மகளுக்கும். மற்றதுக்கெல்லாம் நான்தான் நடுவில். இப்போது நடுவில் யாரும் இல்லை. அந்த வீட்டில் ஒரு மனுஷரும் ஒரு பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்கிறார்கள்.

"எடுக்கிறேன்மா. மூச்ச இழுத்து விடு." ஏதோ இழுபடுகிறது. முழங்கைக்குக் கீழே வலி தொடங்கி, மணிக்கட்டு வரை வந்து, அங்கே வெட்டி விட்ட மாதிரி நின்றுவிடுகிறது. பல்லைக் கடிக்கிறேன். பச்சைத் திரையில் நீளவாக்கில் ஒரு கறை இருக்கிறது, யாரோ டிங்க்சர் கையோடு இழுத்தது போல. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் எனக்குச் சரியாக நினைவில்லை. இரண்டாம் வாரம் சூசை வெளியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார், சிஸ்டர் தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். டெல்சி முகம் திரை முழுக்க. அம்மா என்று மூக்கில் விரல் வைத்தாள். நான் வாயை அசைத்தேன். உதடு பார்த்துப் படிக்க அவளுக்கு வராது, சில சொல்தான் தெரியும். அவள் கேட்டாள், கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். என் கை எழும்பவில்லை. அவள் மறுபடி கேட்டாள். சிஸ்டர் போனைக் கொஞ்சம் பின்னால் இழுத்தபோது மூட்டைகள் தெரிந்திருக்க வேண்டும், அவள் முகம் மாறியது. கை எங்கே என்றாள். இரண்டு மணிக்கட்டையும் காட்டி, கை உள்ளே இருக்கா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்ட முடியாது. கண்ணை மூடித் திறந்தேன், அது ஆமாம் என்று அவளுக்கு எப்படித் தெரியும். அதற்கப்புறம் கேட்டதுதான் இன்றைக்கு வரை எனக்குள் முள்ளாக நிற்கிறது. விரல்களை நகம் போல வளைத்து முகத்துக்கு முன்னால் மேலே இழுத்தாள். கோபமா. என்மேல கோபமா. வலைத்துணி கவுன் வேண்டும் என்று அடம்பிடித்ததால் கோபமா. எங்கள் வீட்டில் நான் கோபப்பட்டால் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பேன். அதுதான் தண்டனை. அவளுக்குத் தெரிந்த ஒரே பெரிய தண்டனை. இரண்டு கையையும் வெள்ளைத்துணியில் கட்டிக்கொண்டு அம்மா பேசாமல் இருக்கிறாள்.

அதற்குப்பிறகு பார்வை நேரத்தில் சூசைக்குப் பாடம் எடுத்தேன். கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பார், சிஸ்டர் கதவை ஒரு சாண் திறந்து வைப்பாள், நான் உள்ளே படுத்துக்கொண்டு வாயால் சொல்லுவேன். "வலது கைய நெஞ்சுக்கு நேரா வைங்க. உள்ளங்கை கீழ பாக்கணும். கீழ. ஐயோ, அது மேல." "இப்படியா பிலோமி?" "இல்லங்க, அப்படி வெச்சா வேற அர்த்தம்." "என்னட்டி அர்த்தம்?" "பூனை." அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், கழுத்துப் பட்டைக்குள் சிரிப்பு இடித்தது. ஒன்றைக் காட்டவே முடியாத கையை வைத்துக்கொண்டு ஒன்றுமே வராத கைக்குச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா தூங்குகிறாள், நல்லாயிருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள் போதும் என்று அனுப்பினேன். மறுநாள் அவர் வந்தபோது தோளைப் பார்த்தேன். என்ன ஆச்சு என்றேன். அவர் சொல்லவே பயந்தார். தூங்குகிறாள் என்பதற்குக் கன்னத்தில் கை வைத்துத் தலை சாய்க்க வேண்டும். அவருக்கு மறந்துபோய், கண்ணை மூடி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் காட்டியிருக்கிறார். அது தூக்கம் இல்லை. அப்பா இறந்தபோது பெட்டியில் கை கோத்துக் கிடத்தியிருந்ததைப் பார்த்து நானும் டெல்சியும் அந்த விஷயத்துக்கு வைத்துக்கொண்ட சைகை. தாத்தாவின் சைகை. பிள்ளை பாத்திரத்தையெல்லாம் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறாள், தெருவில் பிடித்துத் தூக்கி வந்தார்களாம். நேத்துலருந்து தண்ணிகூட ஒழுங்கா குடிக்கல பிலோமி, போன்ல ஒன்னக் காட்டினா போனத் தட்டிவிடுறா, நம்ப மாட்டேங்கா என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அதைக் கேட்டுத்தான் டாக்டர் ஆமினா, குழந்தைகளை இந்த வார்டுக்குள்ள விடமாட்டோம், கட்டு மாத்துற அன்னைக்கு வெளியில கண்ணாடி வழியா வேணும்னா பாத்துட்டுப் போகட்டும் என்றார். அந்த நாள்தான் இன்றைக்கு.

"வலது கை பாரு." டாக்டர் சொல்கிறார். பார்க்கப் பயமாக இருக்கிறது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கண்ணைத் தாழ்த்துகிறேன். கை அல்ல அது. கை வடிவில் ஏதோ ஒன்று. பளபளவென்று ஒரு தாள் போர்த்தியிருக்கிறது, ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன உலோக ஊக்குகள், தாளுக்கு அடியில் பழுக்கத் தொடங்கிய மாம்பழத்தின் நிறம், மஞ்சளும் சிவப்புமாக. விரல்களைப் பிரித்து அட்டையில் விறைப்பாகக் கட்டியிருக்கிறார்கள். ஐந்து. டாக்டர் ஒரு விரல் நுனியால் தாளின் மேல் மெதுவாக அழுத்தி அழுத்திப் பார்க்கிறார், ஒவ்வொரு இடமாக. எனக்கு எதுவும் தெரியவில்லை. யாரோ யாரையோ தொடுகிறார்கள். "நல்ல நிறம் வந்திருக்கு. அடியில நீர் கட்டல. பிடிச்சிருக்கு பிலோமி, வலது கையில முழுசாவே பிடிச்சிருக்கு." பிடிச்சிருக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அழுகை வருகிறது, கழுத்தை அசைக்காமல் எப்படி அழுவது, கண்ணீர் கழுத்துப் பட்டைக்குள் இறங்குகிறது, சிஸ்டர் பஞ்சால் ஒற்றுகிறாள். இது என் கைதானா. இதில் மூக்கைத் தொட்டு அம்மா என்று சொன்னால் அது நானா. அப்படியே இடது கைக் கட்டும் பிரிகிறது. கட்டு முழுவதும் பிரிவதற்கு முன்பே வாசனை வருகிறது. லேசான, இனிப்பான, கெட்ட வாசனை. மீன் கம்பெனியில் ஐஸ் தீர்ந்துபோன அன்றைக்கு ஒரு வாசனை வரும், அதன் ஆரம்பம். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன் எனக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டரின் கை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு வேலையைத் தொடர்ந்தது. டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். இந்தக் கை மங்கலாக இருக்கிறது, தாள் அங்கங்கே உப்பியிருக்கிறது, சுண்டுவிரல் பக்கம் சாம்பல் பூத்த மாதிரி. "இதுல கீழ்ப்பாதி பிடிக்கல. சீழ் கோத்திருக்கு. அந்தப் பகுதிய எடுத்துச் சுத்தம் பண்ணணும், இன்னைக்கே. அப்புறம் புதுசா வேற வைக்கலாம்." "சுண்டுவிரல்?" என்று கேட்கிறேன். என் குரல்தானா. "பாக்கலாம். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

பாக்கலாம். இங்கே எல்லோரும் பாக்கலாம் என்கிறார்கள், நான் மட்டும்தான் ஒன்றையும் பார்க்க முடியாமல் கிடக்கிறேன். ஒரு கை பிடித்துக்கொண்டது, ஒரு கை பிடிக்கவில்லை. என்னிடம் கேட்டா பிடித்தது. நான் இரண்டுக்கும் ஒரே மாதிரிதானே வேண்டிக்கொண்டேன். இடது கை இல்லாமல் என்னென்ன சொல்ல முடியாது என்று மனம் எண்ணத் தொடங்குகிறது, வீடு சொல்ல முடியாது, இரண்டு கையும் கூரை மாதிரிச் சாய வேண்டும், பள்ளிக்கூடம் முடியாது, கடல் முடியும், மழை அரைகுறையாக, வலி முடியாது, இரண்டு விரல் எதிரெதிரே வரவேண்டும். வலியைச் சொல்ல முடியாது என்பது ஒருவிதத்தில் நல்லதுதான். இல்லை, நல்லதில்லை. கதவைத் தட்டுகிறார்கள். வெளியிலிருந்து ஆயா தலையை நீட்டி, பிள்ளைய கூட்டியாந்திருக்காங்க டாக்டர் என்கிறாள். சிஸ்டர் தங்கபுஷ்பம் ஒரு பச்சைத்துணியை எடுத்து என் கைகள்மேல் போடப் போகிறாள். "மூட வேண்டாம் சிஸ்டர்." "பச்சப்புள்ள பயந்துக்கும் பிலோமி. நானே மொதல்ல பாத்தப்ப ஒரு நாள் சாப்பிடல." "கை உள்ள இருக்கான்னு கேட்டா. துணியப் போட்டா இல்லன்னு நெனச்சிக்குவா." சிஸ்டர் டாக்டரைப் பார்க்கிறாள். டாக்டர் என் வலது கையை இன்னொரு தடவை குனிந்து பார்க்கிறார். "வலது கை மட்டும் தெரியட்டும். இடதை மூடுங்க. ஆனா பிலோமி, ஒண்ணு கேட்டுக்கோ. கட்டு இல்லாத நேரம் இது. வலது கை விரலை அசைக்கவே கூடாது. உள்ள ஏறியிருக்கிற ரத்தக்குழாய் எல்லாம் நூலைவிட மெல்லிசு, இழுத்தா அறுந்துரும். பிள்ளையப் பாத்ததும் கைய எடுத்துராத." சரி என்றேன்.

திரை விலகுகிறது. கண்ணாடியில் முதலில் சூசையின் நெஞ்சுதான் தெரிகிறது, அப்புறம் குனிந்து தூக்குகிறார், டெல்சி வருகிறாள். ஒற்றை ஜடை. கலைந்துதான் இருக்கிறது. மெலிந்திருக்கிறாள், கண் மட்டும் பெரிதாக. முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள், நான் கண் சிமிட்டுகிறேனா, மூச்சு விடுகிறேனா என்று. வாயைத் திறந்து டெல்சி என்கிறேன், அவள் உதட்டைப் பார்க்கிறாள். உயிரோடு இருக்கிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது, தோள் இறங்கியதில் தெரிந்தது. பிறகு அவள் கண் கீழே வருகிறது. ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கையைப் பார்க்கிறாள். ஒரு விரலை நீட்டிக் கண்ணாடியில் புள்ளி வைக்கிறாள், இன்னொரு புள்ளி, இன்னொன்று. எண்ணுகிறாள். ஐந்தாவது புள்ளிக்கு அப்புறம் திரும்பி அப்பாவிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள், அஞ்சு, உள்ளே இருக்கு என்று. அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தலையாட்டுகிறார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, இதோடு திரையைப் போட்டுவிடலாம், இதோடு போதும் என்று நினைக்கும்போது அவள் என்பக்கம் திரும்புகிறாள். விரல்களை வளைத்து முகத்துக்கு முன்னால் இழுக்கிறாள். கோபமா. இல்ல என்கிறேன் வாயால், இல்லடி, இல்லவே இல்ல. அவள் உதட்டைப் பார்க்கவில்லை. கையைப் பார்க்கிறாள். கை திறந்து கிடக்கிறது, கட்டு இல்லை, ஐந்து விரலும் இருக்கின்றன என்று அவளே எண்ணிவிட்டாள், இனி அது பேச வேண்டியதுதானே. பேசாவிட்டால் பேசப் பிடிக்கவில்லை என்றுதானே. அவள் காத்திருக்கிறாள். மூட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இல்லை என்பது சின்னச் சைகை, மணிக்கட்டை ஒரு தரம் திருப்பினால் போதும், ஒரே ஒரு தரம். தோளிலிருந்து என்னவோ கிளம்பி முழங்கைக்கு வருகிறது, எனக்கே தெரியாமல் கிளம்பி வருகிறது. "பிலோமி." டாக்டர் என் தோளை அழுத்திப் பிடிக்கிறார். "வேண்டாம்மா. இந்தக் கையாவது மிஞ்சட்டும்."

நூலைவிட மெல்லியவை. அறுந்தால் இந்தக் கையும் வாசனை எடுக்கும். அறுந்தால் இனி ஒருநாளும் வீடு இல்லை, மழை இல்லை, அவள் பெரிய பிள்ளையாகிற அன்றைக்கு அவளுக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. இப்போது அசைக்காமல் இருந்தால் அப்போதெல்லாம் பேசலாம். ஆனால் அவள் இப்போதுதானே கேட்கிறாள். கிளம்பி வந்ததை முழங்கையிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். உடம்பில் இவ்வளவு பலம் இத்தனை நாளில் எனக்கு வந்ததில்லை, அதை முழுவதும் ஒரு கையைச் சும்மா வைத்திருப்பதற்குச் செலவு செய்கிறேன். கண்ணால் சொல்லிப்பார்க்கிறேன், புருவத்தால் சொல்லிப்பார்க்கிறேன், வலி முகத்தில் ஏறிவிட்டது எனக்கே தெரிகிறது, அவளுக்கு அது எப்படித் தெரியும், கோபம் மாதிரித்தான் தெரியும். டெல்சி கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அப்பாவின் தோளைத் தட்டி, இறக்கிவிடச் சொல்கிறாள்.

"அவ்வளவுதான், திரையப் போட்டுரலாமா?" சிஸ்டர் கேட்கிறாள். "கொஞ்சம் இருங்க சிஸ்டர்." கண்ணாடியின் கீழ் விளிம்பில் அவள் உச்சந்தலை மட்டும் தெரிகிறது. சூசை என்னை ஒரு தடவை பார்க்கிறார், நான் வாயால் சொல்கிறேன், கோபம் இல்லன்னு சொல்லுங்க. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் முழங்காலில் நிற்கிறார், இப்போது அவர் தலையும் தோளும் மட்டும்தான். அவர் வலது முழங்கை மேலே போகிறது. தப்பு, அவ்வளவு மேலே போகக் கூடாது, அது வேறு ஏதோ, பூனையோ என்னவோ, ஐயோ, கீழே கொண்டுவாங்க என்று நான் இங்கே இருந்து சொல்வது மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கேட்காது. முழங்கை அந்தரத்தில் நிற்கிறது. உச்சந்தலை கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கிறது. பிறகு இரண்டு சின்னக் கைகள் எழும்பி வந்து அந்தப் பெரிய மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்குகின்றன. அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து மடக்குகிறாள், மடங்காத ஒன்றை இரண்டு கையாலும் அழுத்தி மடக்குகிறாள், உள்ளங்கையைத் திருப்புகிறாள். அவர் முதுகு மறைத்துவிட்டது. இப்போது அவர் தோள் அசைகிறது, அவள் திருத்திக்கொடுத்ததை மறுபடி செய்துகாட்டுகிறார் போல. அவள் தலை சாய்ந்து பார்க்கிறது. மறுபடி அவர் செய்கிறார். எந்தச் சொல்லைத் திருத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை, நான் சொல்லச் சொன்னதையா, அவளாக நினைத்துக்கொண்டதையா. வலது கையைப் பார்க்கிறேன். அசையவில்லை, தாளுக்கு அடியில் மாம்பழ நிறம் அப்படியே இருக்கிறது. சிஸ்டர் திரையை இழுக்கிறாள். டாக்டர் கையுறை மாற்றிக்கொண்டு வந்து இடது பக்கத் துணியை விலக்குகிறார். "ஆரம்பிக்கலாமா பிலோமி?" தலையாட்ட முடியாது. ம் என்கிறேன்.